இரண்டாவது சரிக்குறி: கண்டியிலிருந்து கணினி வலையமைப்பை விளங்கிக்கொள்ளல்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி, தன் பட்டமளிப்புப் படத்தைத் தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர்தான். கலஹா பஸ்ஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். படம் அந்த வழியால் போவதில்லை. கடுகண்ணாவை மலை இறங்கிக் கொழும்புக்குப் போகிறது. கடலுக்கடியில் நாட்டைவிட்டு வெளியேறி, எங்கோ ஒரு சேவையகத்தைத் தொட்டு, மறுபடி கடல் கடந்து, மலையேறி, ஒரு கோபுரத்திலிருந்து அம்மாவின் கைபேசியில் இறங்குகிறது.

அனுப்பிய படத்தின் அடியில் முதலில் ஒரு சரிக்குறி விழும். படம் சேவையகத்தை அடைந்துவிட்டது என்பது அதன் பொருள். அம்மாவின் கைபேசியில் இறங்கியதும் இரண்டாவது குறி விழும். நல்ல நாட்களில் இரண்டுக்கும் இடையே ஒரு விநாடி. மழைக்காலத்தில் முதற்குறி விழுந்தபடியே மணிக்கணக்கில் நிற்பதும் உண்டு. அதாவது படம் கடலைக் கடந்துவிட்டது, கடைசி மலையைக் கடக்கவில்லை.

படம் வழி தவறாமல் போவது எப்படி? இவ்வளவு சுற்றிப் போவது ஏன்? கடைசி மலையில் நின்றுவிடுவது ஏன்? இந்த மூன்று கேள்விக்கும் விடை தேடினால் கணினி வலையமைப்பின் பெரும்பகுதி விளங்கிவிடும். அந்த விளக்கம் கணினி படிப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. இணையவழியில் பாடமும் சம்பளமும் மருத்துவ ஆலோசனையும் வரும் காலத்தில், அது ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டிய அறிவு.

பேராதனைச் சந்தியில் ஒரு பாடம்

கண்டியின் தொடர்பு வரலாறு பாதைகளின் வரலாறு. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அவர்கள் முதலில் தேடியது கொழும்புக்கு ஒரு வழியை. அந்த வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அதே ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவின் முதல் தபால் வண்டிச் சேவை என்று அதைச் சொல்வார்கள். 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கோப்பியை இறக்கப் போட்ட தண்டவாளம் பின்னர் தேயிலையை இறக்கியது.

பேராதனைச் சந்தி ரயில் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு வலையமைப்பின் அடிப்படையைச் சொல்வது எளிது. அங்கே தண்டவாளங்கள் முக்கோணமாகப் பிரிகின்றன. ஒரு பக்கம் கொழும்பு. ஒரு பக்கம் கண்டி, மாத்தளை. இன்னொரு பக்கம் நாவலப்பிட்டி, ஹட்டன், பதுளை. ஹட்டனுக்கு ஒரு பெட்டி வந்தால், ஹட்டன் நிலையத்தின் மேடை எப்படி இருக்கும் என்பது சந்தியில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் தெரிந்தால் போதும். மீதியை அடுத்த சந்தி பார்த்துக்கொள்ளும்.

வலையமைப்பில் இந்த வேலையைச் செய்யும் கருவிதான் ரவுட்டர். பாடநூல்கள் வழிப்படுத்தி என்கின்றன. வீட்டு மூலையில் விளக்கெரியும் சிறு பெட்டியும் ரவுட்டர்தான், நிறுவனங்களின் மையங்களில் அலுமாரி அளவில் நிற்பதும் ரவுட்டர்தான். ஒவ்வொன்றிடமும் ஒரு வழி அட்டவணை இருக்கிறது. இந்த முகவரித் தொகுதிக்கு இந்தப் பக்கம், அந்தத் தொகுதிக்கு அந்தப் பக்கம் என்பதே அதில் உள்ளது. உலகின் முழு வரைபடம் யாரிடமும் இல்லை. ஒரு பாதை அடைபட்டால் ரவுட்டர்கள் அச்செய்தியைத் தமக்குள் சொல்லிக்கொண்டு அட்டவணையை மாற்றுகின்றன. மாற்றிக்கொள்ள இன்னொரு பாதை இருக்க வேண்டும் என்பதே இதில் அடங்கிய நிபந்தனை.

ஒரு படம், இரண்டாயிரம் பொதிகள்

பழைய தொலைபேசியில் இருவர் பேசும்போது அவர்களுக்கென்று ஒரு தனிவழி கடைசிவரை ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் பேசாமல் இருந்தாலும் வேறொருவர் அதைத் தொட முடியாது. 1960களில் அமெரிக்காவில் போல் பேரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே வேறொரு முறையை எண்ணினார்கள். செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் முகவரி எழுதி, பொதுவழியில் விட்டால் என்ன? அந்தத் துண்டைத்தான் பொதி என்கிறோம். 1969 ஒக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் இரண்டு கணினிகளுக்கிடையே ஆர்பாநெட் வலையமைப்பின் முதல் செய்தி போனது.

மாணவியின் படம் 3 மெகாபைட் என்று கொள்வோம். வழக்கமாக ஒரு பொதியில் அடங்குவது 1,500 பைட். முகவரிக்கும் எண்களுக்கும் இடம் விட்டால் சரக்குக்கு ஏறக்குறைய 1,460 பைட் மிஞ்சும். ஆக அந்தப் படம் 2,000க்கும் மேற்பட்ட பொதிகளாகப் பிரிகிறது. எல்லாம் ஒரே வழியில் போக வேண்டும் என்றோ ஒரே வரிசையில் சேர வேண்டும் என்றோ கட்டாயமில்லை.

பொதிகளுக்கு முகவரியிட்டுச் சந்திக்குச் சந்தி அனுப்பும் ஒழுங்குக்கு ஐபி என்று பெயர். அது முயன்று பார்க்கும். சேரும் என்று உறுதி தராது. அந்த உறுதியைத் தருவது அதன் மேலமர்ந்த டிசிபி. அது ஒவ்வொரு துண்டுக்கும் வரிசையெண் கொடுக்கிறது. மறுமுனை "இதுவரை பெற்றேன்" என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் விடுபட்ட துண்டை மட்டும் மீண்டும் அனுப்புகிறது. வின்ட் செர்ஃபும் ரொபர்ட் கானும் 1974இல் இதற்கு அடித்தளமிட்டார்கள். 1983 ஜனவரி 1 முதல் ஆர்பாநெட் முழுவதும் இந்த ஒழுங்குக்கு மாறியது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள், வெவ்வேறு நாடுகளின் வடங்கள், ஒருவரையொருவர் அறியாத இயக்குநர்கள் எல்லோரும் ஒரே நெறிமுறையைக் கைக்கொள்வதால்தான் இது ஒரே வலையமைப்பாகிறது. கம்பியும் அலையும் அந்த உடன்பாட்டுக்கு உடல்.

டிசிபி இன்னொரு நல்ல பழக்கத்தையும் பட்டுத்தான் கற்றது. 1986இல் கலிபோர்னியாவில் சில நூறு யார் தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கிடையே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் தொலைந்த பொதிகளை எல்லோரும் அவசரப்பட்டு மீண்டும் அனுப்ப, நெரிசல் மேலும் கூடியதே காரணம். மெதுவாகத் தொடங்கு, வழி தாராளமாக இருந்தால் வேகத்தைக் கூட்டு, பொதி தொலைந்தால் உடனே குறை என்ற விதியை வான் ஜேக்கப்சன் 1988இல் வகுத்துத் தந்தார். இன்றைய இணையம் நகர்வது இத்தகைய பொறுமையினால்தான்.

அறையிலிருந்து கடல் வரை

மாணவியின் கைபேசியிலிருந்து விடுதியின் வைஃபை பெட்டி வரை படம் வானொலி அலையாகப் போகிறது. அங்கிருந்து கம்பி வழியே ஆளி எனப்படும் சுவிட்சுக்கு வருகிறது. ஒரே கட்டடத்துக்குள் கருவிகளை இணைப்பது சுவிட்சின் வேலை. ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் இட்ட 48 பிட் அடையாள எண்ணைப் பார்த்து, உரிய வாசலுக்கு அது சரக்கைத் தள்ளுகிறது. 1973இல் ரொபர்ட் மெட்காஃப் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட் முறையின் வழிவந்தது இது. கட்டடத்துக்கு வெளியே போக வேண்டிய பொதிகளை ரவுட்டர் வாங்கிக்கொள்கிறது.

அப்புறம் ஃபைபர். தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி நாருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. கொழும்பு வரையான 120 கிலோமீற்றரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நாட்டுக்கு வெளியே போவது கடலடி வடங்கள் வழியே. 2005இல் வந்த சீ-மீ-வீ 4 என்ற வடம் கொழும்பில் கரையேறுகிறது. 2006இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே ஒரு வடம் இடப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 20,000 கிலோமீற்றர் நீளும் சீ-மீ-வீ 5 மாத்தறையில் கரையேறுகிறது. இலங்கையின் வெளியுலகத் தரவு போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி இத்தகைய வடங்களில்தான் ஓடுகிறது. சிங்கப்பூருக்கு 3,000 கிலோமீற்றர் என்று வைத்தாலும் ஒளி போய்த் திரும்ப ஆயிரத்தில் 30 பங்கு விநாடி போதும்.

படம் சுற்றிப் போவதன் காரணம் இங்கேதான். தொலைவு ஒளிக்குச் சுமையல்ல. சேவையகத்தை எங்கே நிறுத்துவது, எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு எங்கே தரவை மாற்றிக்கொள்வது என்பவை செலவும் ஒப்பந்தமும் தீர்மானிப்பவை. கோப்பிக்காகத் தண்டவாளம் வளைந்ததுபோல், பணம் போகும் திசையில் பாதை போகிறது. பெருமளவில் பார்க்கப்படும் காணொளிகளின் பிரதிகளை நாட்டுக்குள்ளேயே வைப்பதும் அதே கணக்கில்தான்.

லயத்து முகவரி

ஐபி முகவரி என்பது ஓர் எண். பழைய நான்காம் பதிப்பில் அது 32 பிட் நீளம். மொத்தம் ஏறக்குறைய 430 கோடி முகவரிகள். உலகின் கைபேசிகளுக்கே அது போதாது. அதனால் ஒரு வீடு முழுவதற்கும், சில கைபேசி நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கும், ஒரே பொதுமுகவரியைக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் உள்முகவரி இருக்கும். வெளியே யார் எதைக் கேட்டார்கள் என்று ரவுட்டர் ஓர் ஏட்டில் குறித்துவைத்து, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும்.

மலையகத்தாருக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டாம். தலைமுறைகளாக லயத்துக்குத் தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து ஆளைத் தேடி லயத்துக்குப் போக வேண்டும். நேர்முகத் தேர்வுக்கான கடிதமும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நாள் கடந்து கைக்கு வந்த கதைகளை மலையகத்தில் கேட்காதவர் குறைவு. ஒரே முகவரிக்குப் பின்னால் பலர் வாழும்போது, இடையில் ஏட்டை வைத்திருப்பவரை நம்பித்தான் எல்லாம். உள்ளிருப்பவர் முதலில் கேட்டிருந்தால் பதில் வந்துசேரும். வெளியிலிருந்து யாரும் தாமாக அவரைத் தேடி வர முடியாது. பொதுமுகவரிக்குப் பின்னால் இருக்கும் கணினியின் நிலையும் இதுவே.

இதற்குத் தீர்வாக வந்த ஆறாம் பதிப்பு முகவரி 128 பிட் நீளமானது. அதன் மொத்த எண்ணிக்கையை எழுத 39 இலக்கம் வேண்டும். உலகின் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி கொடுத்தாலும் தீராது. லயத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவிலக்கம் வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இணையத்திலும் அப்படியே பொருந்துகிறது.

எண்களை மனிதர் நினைவில் வைக்க முடியாது என்பதால் பெயர்கள் வந்தன. போல் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த ஆள்களப் பெயர் முறைமை, பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் படிமுறை அகராதி. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியை வலமிருந்து படித்தால் முதலில் நாட்டைக் குறிக்கும் எல்கே, பிறகு கல்வித்துறை, பிறகு பல்கலைக்கழகம். ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கேட்கச் சொல்லி அனுப்புகிறது. எல்கே பதிவகம் 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிஹான் டயஸின் முயற்சியால் தொடங்கியது. 2010இல் சிங்களத்திலும் தமிழிலும் நாட்டின் பெயரையே உயர்நிலை ஆள்களமாக எழுதும் உரிமை கிடைத்தது. '.இலங்கை' என்று தமிழ் எழுத்தில் முடியும் முகவரி இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் திறக்கும். அந்த உரிமையைப் பயன்படுத்துவோர் பெருக வேண்டும்.

பேராதனையின் பங்கு

இந்த நாட்டில் மின்னஞ்சல் பல்கலைக்கழகங்களிலிருந்துதான் தொடங்கியது. 1990இல் மொறட்டுவையில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று அமைத்த லேர்ன்மெயில், நாள் முழுவதும் சேர்ந்த மின்னஞ்சல்களைச் சர்வதேசத் தொலைபேசி அழைப்பில் தொகுதியாக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. வர்த்தக இணையச் சேவை 1995இல் வந்தது. அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்த லேர்ன் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு இன்று நாட்டின் அரச பல்கலைக்கழகங்களை இணைக்கிறது. அதன் செயலகம் பேராதனை வளாகத்திலேயே இருக்கிறது.

வலையமைப்புகளின் வலையமைப்பு என்று இணையத்தைச் சொல்வதன் பொருளை 2020 மார்ச்சில் பெருந்தொற்று காட்டியது. வளாகங்கள் மூடியதும் லேர்ன் ஸூம் வகுப்புகளைத் தன் வலையமைப்பின் வழியே நடத்த ஏற்பாடு செய்தது. பல்கலைக்கழகப் பாடத்தளங்களுக்கும் அந்த வகுப்புகளுக்கும் போகும் தரவுக்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டணம் அறவிடவில்லை. ரீலோட் போடக் காசில்லாத மாணவருக்கும் விரிவுரை கேட்க வழி பிறந்தது. பொதுநோக்குள்ள ஒரு வலையமைப்பு நாட்டுக்குள் முன்கூட்டியே கட்டப்பட்டிருந்ததால்தான் இது சில வாரங்களில் கைகூடியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியொரு வலையமைப்பு இருக்கவில்லை. அவர்கள் சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறினார்கள்.

வாசலில் நிற்பவர்

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை மூண்டது. மார்ச் 7 முதல் ஏறக்குறைய ஒரு வாரம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் முதலானவற்றை அரசாங்கம் முடக்கியது. கண்டி மாவட்டத்தில் இணைய சேவையும் மட்டுப்படுத்தப்பட்டது. இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றை இப்படி நிறுத்த முடிவது எப்படி? எல்லாப் பொதிகளும் சில நிறுவனங்களின் ரவுட்டர்களைக் கடந்தாக வேண்டும். குறிப்பிட்ட முகவரிக்குப் போகும் பொதிகளைக் கைவிடும்படி அவற்றுக்குக் கட்டளையிடலாம். அல்லது பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லாமல் விடலாம். பலர் விபிஎன் வழியே தப்பிப் போனார்கள். விபிஎன், ஒரு பொதியை மறைகுறியாக்கி இன்னொரு உறைக்குள் இட்டு, மேலே வேறு முகவரி எழுதுகிறது. வாசலில் நிற்பவருக்கு வெளி உறை மட்டுமே தெரியும்.

ரவுட்டர் தன் கடமையாகப் பார்ப்பது முகவரியைத்தான். உள்ளே இருப்பது தாயின் விசாரிப்பா, அயலவன் கடையை எரிக்கும் அழைப்பா என்று அதற்குத் தெரியாது. வெறுப்பு பரவியதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. வெறுப்பைத் தடுக்க வேண்டிய நாட்களில் உறவினரின் நலம் அறியும் வழியும் சேர்ந்து அடைபட்டது. எந்த நிலைமையில், யாருடைய உத்தரவில், எவ்வளவு காலத்துக்கு வாசலை மூடலாம் என்பது சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டிய விடயம். வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த குடிமக்களால்தான் அதைக் கேட்க முடியும்.

கடைசி மலை

ஹந்தானை மலைத்தொடரில் நிற்கும் கோபுரங்களைக் கண்டி நகரிலிருந்தே பார்க்கலாம். உயரத்தில் வைத்தால் அலை வெகுதூரம் எட்டும். ஆனால் மலை, அலைக்கும் நிழல் போடும். முகட்டின் இந்தப் பக்கம் சிக்னல் நிறைந்திருக்க, மறுபக்கப் பள்ளத்து லயத்தில் ஒரு கோடும் இருக்காது. குறைந்த அதிர்வெண் அலை வளைந்து சற்றுத் தூரம் போகும். அதிக வேகம் தரும் உயர் அதிர்வெண் அலை சுவரிலும் மரத்திலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். சமவெளியில் ஒரு கோபுரம் செய்யும் வேலைக்கு மலைநாட்டில் பல கோபுரங்கள் வேண்டும். அங்கே ஆட்கள் குறைவு, அவர்களின் கையில் பணமும் குறைவு. கடைசி மலையில் படம் நிற்பதன் காரணம் பாதி புவியியல், பாதி கணக்கு.

கோபுரம் தனித்து நிற்பதுபோல் தோன்றினாலும் அதன் பின்னால் ஒரு ஃபைபர் நாரோ நுண்ணலை இணைப்போ இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. மின் போனால் பற்றரி சில மணிநேரம் தாங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்தபோது வீதியும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒன்றாக அறுந்தன. வெளியூர்களில் இருந்தவர்கள் தம் வீட்டாரின் குரலைக் கேட்க நாட்கணக்கில் தவித்தார்கள். வீதியோரமாகவே நாரும் மின்கம்பியும் போகும் இடத்தில், ஒரு மண்சரிவு மூன்றையும் சேர்த்தே கொண்டுபோகும். நடுப்பாதையில் நார் அறுந்தால் சுற்றிப் போக வழி இருக்கும். தோட்டத்துக்குப் போவது பெரும்பாலும் ஒரே வழி. அங்கே ரவுட்டரின் எல்லாத் திறமையும் வீண்.

கையால் தொட்டுப் பார்க்க

தொடங்குபவர் இவற்றை வீட்டிலேயே சோதிக்கலாம். இணையம் நின்றால் அருகிலிருந்து தூரத்துக்கு ஒவ்வொரு படியாகப் பாருங்கள். முதலில் ரவுட்டரின் விளக்கு. பிறகு கணினியின் கட்டளைத் திரையில் பிங் என்ற கட்டளையோடு ரவுட்டரின் முகவரி; பெரும்பாலும் 192.168.1.1. பதில் வந்தால் வீட்டுக்குள் பழுதில்லை. அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரி. அதற்கும் பதில் வந்து, பெயரால் திறக்கும் தளம் மட்டும் வராவிட்டால் பெயர் முறைமையில்தான் கோளாறு. விண்டோஸ் கணினியில் ட்ரேசர்ட் என்ற கட்டளை, பொதி கடக்கும் சந்திகளை வரிசையாகக் காட்டும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு விநாடியிலிருந்து நேரம் திடீரென்று முப்பது, நாற்பதாக உயரும் வரியில், உங்கள் பொதி பெரும்பாலும் கடலைத் தாண்டியிருக்கும். அதை முதன்முறை பார்க்கும் பிள்ளைக்குப் பாடநூலின் பத்துப் பக்கம் ஒரு நொடியில் விளங்கும்.

முடிவாக

பொதிகளாகப் பிரித்தல், சந்திக்குச் சந்தி வழிகாட்டல், தொலைந்ததை மீண்டும் அனுப்பல், பெயரை எண்ணாக்கல் ஆகிய நான்கும் உலகெங்கும் ஒன்றே. பேராதனை வளாகத்திலும் தெல்தோட்டை லயத்திலும் அதே நெறிமுறைதான் இயங்குகிறது. வேறுபாடு பாதைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு பாதை உள்ளவருக்கு அது கம்பி. இரண்டு பாதை உள்ளவருக்கே அது வலை.

எனவே மலைநாட்டுக்கு இணையம் வந்துவிட்டதா என்று கேட்டால் போதாது. எத்தனை வழியால் வந்திருக்கிறது, மின்சாரம் போனால் எத்தனை மணிநேரம் நிற்கும், தோட்டப் பாடசாலைக்கு நார் போகிறதா என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் செய்ததைப் பாடசாலைகளுக்கும் செய்ய முடியும். அதற்கான அறிவு கடல் கடந்து வர வேண்டியதில்லை. கலஹா வீதி தொடங்கும் பேராதனையிலேயே இருக்கிறது. அந்த வழி திறக்கும் நாளில், மழை எவ்வளவு கொட்டினாலும், மகளின் படத்துக்கு அடியில் இரண்டாவது சரிக்குறி விழும்.